முதல் பாம்புக்குப் பெட்டி அமைப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பு வளர்ப்பது பற்றி என்னிடம் கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் பாம்பை வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். அது ஏதோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுருண்டு கிடக்கும். அந்த அவசரத்தில் செய்யும் எந்த ஏற்பாடும் சரியாக அமைவதில்லை. வரிசை முக்கியம்: முதலில் சட்டத்துக்கான காகித வேலை, அப்புறம் இடம், பெட்டி, சூடு, குளிர்ச்சி, தரை, மறைவிடம். பிறகு காலிப் பெட்டியை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு கடைசியில்தான் வரவேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் பால் பைதானுக்கு உரியவை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. வளர்ந்தாலும் மூன்றிலிருந்து ஐந்து அடிதான். விஷமில்லை, நிதானமான சுபாவம். நல்ல பராமரிப்பில் 20, 30 வருடம் வாழும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ன் ஸ்னேக் என்ற விஷமில்லாத அமெரிக்கப் பாம்பை வாங்குபவர்கள் சூட்டை இரண்டு டிகிரியும் ஈரப்பதத்தைச் சற்றும் குறைத்து, கதவு இடுக்குகளில் இரண்டு மடங்கு கவனம் வைத்தால் மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான்.

1. காகித வேலையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்

சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி, தண்ணீர்ப் பாம்பு, நம் காட்டு மலைப்பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடித்து வைத்தாலே குற்றம். தோட்டத்தில் கிடைத்தது, குட்டிதானே என்பதெல்லாம் வனத்துறையிடம் எடுபடாது. யாராவது இரட்டைத்தலைப் பாம்பு என்று மண்ணுளியை விற்க வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள்.

பால் பைதான் வெளிநாட்டு இனம், ஆனால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது இப்படிப்பட்ட இனங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் பதிவு விதிகளும் வந்தன. அதன்படி, பாம்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரையும் இப்போதே விசாரித்து வையுங்கள். ஆடு மாடு பார்க்கும் மருத்துவர் எல்லோருக்கும் பாம்பு வைத்தியம் பழக்கமிருக்காது. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு எட்டும் தூரம்தான். அரூர், பென்னாகரம் பக்கம் என்றால் போய்வர ஒரு நாள் ஆகும். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

2. வீட்டில் இடம்

பெட்டிக்கு முன்னால் இடத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இடம் தவறாகிவிட்டால் எவ்வளவு நல்ல பெட்டியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கும் தணியாது. மேற்குச் சுவர் உள்ள அறையும் அப்படித்தான். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் ஏசி இல்லாமல் பாம்பு வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். கீழ்த்தளத்தில் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த அறை இருந்தால் அதுதான் சரியான இடம். நேர் வெயில் பெட்டியின் மேல் ஒரு நிமிடம்கூட விழக் கூடாது.

சமையலறை வேண்டாம். ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் சாப்பாட்டுப் பாத்திரம் புழங்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. பூஜை அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணி, ஊதுவத்திப் புகை அடைந்து நிற்கும் இடத்தில் பாம்பின் நுரையீரல் கெடும். கொசுவர்த்தி, லிக்விட் எரியும் அறையும் ஆகாது.

பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். சூடான காற்று மேலே போகும் என்பதால் கோடையில் தாழ்வான இடமே நல்லது. ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்பு ஏறாமலிருக்க நம் வீடுகளில் எப்போதும் செய்வதுதான். எறும்பு சாக்பீஸ் கோடு மட்டும் போட்டுவிடாதீர்கள், அது பூச்சிமருந்து.

3. பெட்டி

வளர்ந்த பால் பைதானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். குட்டி வாங்கினாலும் இதையே செய்யலாம், உள்ளே மறைவிடங்களை நெருக்கமாக அடுக்கினால் போதும். பெரிய பெட்டி குட்டியைப் பயமுறுத்தும் என்று சொல்வார்கள். பயமுறுத்துவது வெட்டவெளிதான்.

பலர் கையில் இருக்கும் பழைய மீன் தொட்டியைத் தூக்கி வருகிறார்கள். கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரப்பதம் நிற்காது. பங்குனி, சித்திரை வறட்சியில் மத்தியான நேரத்துக்குள் உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் போய்விடும். கண்ணாடிக்கு நாலு பக்கமும் வெளிச்சம் என்பதால் பாம்புக்கு ஒளிந்த உணர்வும் வராது.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது மாடுலர் கிச்சன் செய்யும் பிவிசி போர்டு. இன்டீரியர் வேலை செய்யும் எந்தத் தச்சரும் 12 மில்லிமீட்டர் போர்டில் ஒரு நாளில் பெட்டி அடித்துத் தருவார். ஈரத்துக்கு ஊறாது, கரையான் பிடிக்காது, துடைத்தால் சுத்தம். பிளைவுட்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தாங்கும் ரகமாக எடுத்து, உள்பக்கம் மூன்று கோட் பாலியூரித்தேன் வார்னிஷ் (வாட்டர்-பேஸ்டு ரகம்) பூசி, வாசனை முழுவதும் போகும்வரை திறந்து வையுங்கள். மூலை முடுக்கெல்லாம் சிலிக்கோன் பூசி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரமும் கழிவும் அங்கேதான் தேங்கும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கான சிலிக்கோனைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடங்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

4. கதவும் காற்றும்

கதவு முன்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து கை வந்தால் பாம்புக்கு அது பருந்து வருவதைப் போல. நகைக்கடை, மருந்துக்கடை ஷோகேஸில் இருக்கும் தள்ளு கண்ணாடி இதற்கு அருமையாகப் பொருந்தும். கண்ணாடிக் கடையில் டிராக், 5 மில்லிமீட்டர் கண்ணாடி, ஷோகேஸ் பூட்டு மூன்றும் கிடைக்கும். விளிம்பு பாலிஷ் போட்டு வாங்குங்கள்.

பாம்பு தப்பிப்பது பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அந்த இடுக்கில்தான். பூட்டிய பிறகு ஒரு பென்சிலை அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இடைவெளி அதிகம். கண்ணாடி ஜன்னலுக்குப் போடும் ரப்பர் அல்லது பிரஷ் பட்டையை ஒட்டி அடையுங்கள். பூட்டு கட்டாயம். பாம்பு மூக்கால் ஓயாமல் தள்ளும், பூட்டாத கண்ணாடி ஒருநாள் இரவு நகர்ந்துவிடும்.

காற்றோட்டத்துக்கு இரண்டு இடத்தில் துளை வேண்டும்: குளிர்ந்த பக்கம் தாழ்வாக, சூடான பக்கம் உயரமாக. சூடான காற்று மேலே வெளியேறும்போது கீழே புதுக்காற்று உள்ளே வரும். இரண்டையும் ஒரே உயரத்தில் போட்டால் காற்று நகராது. துளைக்கு உள்பக்கம் எஃகு வலை அடியுங்கள். அதன் முனைகள் மூக்கைக் கிழிக்காதபடி மடக்கி ஒட்டுங்கள்.

5. சூடு

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. இடம் மாறித்தான் சூட்டைக் கூட்டும், குறைக்கும். அதனால் பெட்டி முழுவதும் ஒரே வெப்பம் இருந்தால் அது எவ்வளவு சரியான அளவாக இருந்தாலும் பயனில்லை. ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி. இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போக வேண்டாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் குளிர் நன்றாகவே அடிக்கும், அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஹீட்டர் இரவெல்லாம் ஓடும். தருமபுரி டவுனிலும் காவேரிப்பட்டணத்திலும் அந்த அளவு தேவைப்படாது.

பிவிசி அல்லது மரப் பெட்டியாக இருந்தால் வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரை உள்கூரையில் மாட்டுங்கள். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூடு அவசியம், இல்லாவிட்டால் பாம்பு அதன் மேலேயே ஏறிச் சுருண்டுகொள்ளும். ஹீட் மேட் என்ற தட்டையான சூட்டு விரிப்பை வாங்கி 12 மில்லிமீட்டர் பலகைக்கு அடியில் ஒட்டுபவர்கள் உண்டு. சூடு பலகையைத் தாண்டாமல் மேட்டுக்குள்ளேயே தேங்கிக் கருகும். மேட் கண்ணாடித் தொட்டிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டிக்கும்தான் ஏற்றது, அதுவும் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சூட்டுக்கல் என்று விற்கும், மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்லை வாங்கவே வேண்டாம்.

எதை வைத்தாலும், சூடு குறித்த அளவை எட்டியதும் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள். முட்டை இன்குபேட்டருக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே போதும், கோழிப்பண்ணைச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். வயரிங்கைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை, அதாவது வெப்பத்தை உணரும் முனையை, எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பாலக்கோட்டில் ஒருவர் வீட்டில் பார்த்தேன்: சென்சார் வயர் பெட்டியின் நடுவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் 30 என்று காட்டியது, ஹீட்டருக்குக் கீழே தரையில் கையை வைக்க முடியவில்லை. செராமிக் ஹீட்டர் என்றால் சென்சாரை அதற்கு நேர் கீழே, பாம்பு படுக்கும் உயரத்தில் கேபிள் கிளிப்பால் இறுக்குங்கள். மேட் என்றால் மேட்டுக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் நடுவில். செல்லோ டேப் ஈரத்தில் விட்டுப்போகும். பெட்டிக்குள் டேப் போட்டால் பாம்பின் செதிலிலும் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரித்தால் தோலோடு வரும்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் (ரிலே) ஒருநாள் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் ஓடலாம். அப்படி ஓடினாலும் பெட்டி அடுப்பாகாத அளவுக்குக் குறைந்த வாட் ஹீட்டரையே தேர்ந்தெடுங்கள். தேவையான சூட்டை எட்டிப்பிடிக்கும் வாட் போதும். தெர்மோஸ்டாட்டை நம்பாத தனி தெர்மாமீட்டர் இரண்டு, முனைக்கு ஒன்றாக, எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

6. கோடை: நம் ஊரின் உண்மையான சோதனை

வெளிநாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகச் சூடாக்கச் சொல்லித் தருகின்றன. குளிர்விக்க ஒரு வரிகூட இருக்காது, அங்கே அதற்குத் தேவையில்லை. இங்கே சித்திரையில் வெளியே 38, 39 டிகிரி போகும். பெட்டிக்குள் எல்லா மூலையும் 34-ஐத் தாண்டினால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. குளிரைப் பாம்பு சில நாள் தாங்கும். சூட்டைத் தாங்காது.

முதல் வேலை, அறையின் வெப்பம் 31-ஐத் தொடும் நாளில் ஹீட்டரை ப்ளக்கிலிருந்தே பிடுங்கிவிடுவது. இரண்டாவது, காலை ஒன்பது மணிக்கு ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டு, இரவு எட்டுக்கு மேல் திறப்பது. தருமபுரியில் கோடையிலும் பின்னிரவு ஓரளவு தணியும், அந்தக் காற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டால் மத்தியானம்வரை உதவும். நாள் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்தால் அனல்தான் உள்ளே வரும்.

வறண்ட வெயில் என்பதால் ஏர்கூலர் இங்கே நன்றாக வேலை செய்யும், அறையின் ஈரப்பதமும் கூடும். பெட்டியின் மீது நேராக அடிக்காமல் அறையைக் குளிர்விக்கும்படி திருப்பி வையுங்கள். கூலர் இல்லாவிட்டால் ஜன்னலில் நனைத்த சாக்கு.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை கோடை நாளில் வந்தால் இதெல்லாம் நின்றுவிடும். அதற்காக ஒரு மாற்றுப் பெட்டி தயாராக இருக்கட்டும்: பக்கவாட்டில் துளையிட்ட, பூட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. பாம்பை அதில் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த தரையில், பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூலையில், வைத்துவிடலாம். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் சாய்த்து வையுங்கள். உள்ளே போட வேண்டாம், திடீர்க் குளிரும் ஆகாது. பாம்பின் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது அறவே கூடாது.

7. தரையும் ஈரமும்

புதிதாக வரும் பாம்புக்கு முதல் மாதம் தரையில் சாதாரணக் காகிதம் போதும். கழிவு எப்படி இருக்கிறது, உண்ணி இருக்கிறதா என்பது காகிதத்தில்தான் தெரியும். பாம்பு உண்ணி மிளகுப் பொடி தூவியதுபோல் நகரும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

அதன் பிறகு தென்னை நார்த்தூள். ஓசூர் நர்சரிகளில் ஐந்து கிலோ கட்டியாகவே கிடைக்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். மரக்கடைத் தூள் வேண்டாம். எந்த மரம் என்றே தெரியாது, நுண்தூசி வேறு.

ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம். அதற்காகக் காலை மாலை தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது தவறு. மேல்பரப்பு நனைந்தே கிடந்தால் பாம்பின் வயிற்றுச் செதில் அழுகும். நார்த்தூளை மூன்று அங்குலம் போட்டு, மூலைகளில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஐப்பசி மழையில் வெளியிலேயே ஈரம் இருக்கும், அப்போது ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

தருமபுரிப் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது, கண்ணாடியிலும் கிண்ணத்திலும் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதை ஒரு இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள், குளோரின் வாடை போய்விடும்.

8. மறைவிடங்கள், தண்ணீர்க் கிண்ணம்

மறைவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பாம்பு பாதுகாப்பா வெப்பமா என்று இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், செரிமானம் கெடும்.

கவிழ்த்த மண்சட்டியைவிட நல்ல மறைவிடம் எனக்குத் தெரியாது. வாய் ஓரத்தில் பாம்பு நுழையுமளவு உடைத்து, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். உள்ளே சுருண்டால் உடம்பு சுவரில் உரச வேண்டும், அந்த அளவு நெருக்கம்தான் அதற்குப் பிடிக்கும். பாம்பு வளர வளரச் சட்டியை மாற்றுங்கள். கோடையில் குளிர்ந்த பக்கச் சட்டியின் மேல் தண்ணீர் தடவினால் உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும். சட்டியை நார்த்தூளின் மேல் வைக்காமல் பெட்டியின் தரையிலேயே ஊன்றி வையுங்கள். பாம்பு அடியில் தோண்டினால் சரிந்து அதன் மேலேயே விழும்.

கிளை வைக்க ஆசைப்பட்டால் மா, கொய்யாக் கிளையைக் கழுவிச் சில நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அரளி, எருக்கு, கள்ளி கூடாது. தண்ணீருக்கு எளிதில் கவிழாத கனமான கல் கிண்ணம், தினமும் மாற்ற வேண்டும்.

9. காலிப் பெட்டிக்கு வெள்ளோட்டம்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இதனால்தான். எல்லாவற்றையும் மாட்டி, பாம்பு இருப்பது போலவே இரண்டு வாரம் ஓட்டுங்கள். விடியற்காலை, மத்தியானம் மூன்று மணி, படுக்கப் போகுமுன் என மூன்று வேளை இரு முனையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதுங்கள். குறைந்த, கூடிய அளவை நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் என்றால் நீங்கள் தூங்கும்போது நடந்ததும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் வேண்டுமென்றே மெயினை நான்கு மணி நேரம் அணைத்துப் பாருங்கள். எந்த அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிந்தால் நிஜ மின்தடையில் பதற்றம் இருக்காது. சூடான முனை சரியாக இருந்து குளிர்ந்த முனையும் 30-ஐத் தொட்டால் ஹீட்டர் நடுப்பக்கம் வந்துவிட்டது அல்லது கீழ்த்துளை சிறியது. ஈரப்பதம் நிற்கவில்லையென்றால் மேல்துளையில் பாதியை அடைத்துப் பாருங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும்.

முடிந்தால் இந்த வெள்ளோட்டத்தை ஏப்ரல், மே தவிர்த்த மாதங்களில் வைத்து, பாம்பையும் அப்போதே கொண்டு வாருங்கள். கோடையில் பயணமே அதற்குப் பெரிய சிரமம்.

10. பாம்பு வந்த பிறகு

முதல் ஒரு வாரம் தொடக்கூடாது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் கூடாது. தண்ணீர் மாற்றுவது மட்டும். எட்டாம் நாள் பெட்டிக்குள்ளேயே இரை கொடுங்கள், செத்த இரைதான். உயிரோடு விட்ட எலி பாம்பின் கண்ணையே கடித்துவிடும். உண்டபின் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், இரையைக் கக்கிவிடும். பால் பைதான் புது இடத்தில் சில வாரம் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். சமையலறைத் தராசு ஒன்றைத் தனியாக ஒதுக்கி எடை போட்டு வாருங்கள், எடை விழாதவரை கவலை வேண்டாம்.

கழிவை அன்றன்றே எடுங்கள். பெட்டியைப் பினாயிலால் துடைக்காதீர்கள், பீனால் கலந்த எதுவும் ஊர்வனவற்றுக்கு விஷம். பாம்பை மாற்றுப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, வெந்நீர் ஊற்றிக் காயவிட்டால் சாதாரண நாளுக்குப் போதும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டில் எல்லோருக்கும் பொது, சிறு குழந்தைகளுக்கு இன்னும் கட்டாயம்.

பெட்டியில் குறை இருந்தால் பாம்பின் நடத்தையில் தெரியும். நாளெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் சூடு அதிகம் அல்லது உண்ணி. மூக்கைக் கண்ணாடியில் உரசிக்கொண்டே அலைந்தால் மறைவிடம் போதவில்லை அல்லது குளிர்ந்த பக்கம் போதுமான அளவு குளிரவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

சட்டை உரிப்பதையும் கவனியுங்கள். ஈரம் சரியாக இருந்தால் தலை முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழன்று வரும். துண்டு துண்டாக வந்தால் ஈரம் குறைவு. உரிந்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்ணுக்கும் உரிய வட்ட மூடிகள் அதிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை இன்னும் பாம்பின் கண்ணில்தான் ஒட்டியிருக்கின்றன. நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயன்றால் கண் போய்விடும். சட்டிக்குள் ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை விடுங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.